மணலுக்கு ஊர் எது?

திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் கொஞ்சம் மணல் ஒட்டிக்கொண்டு ஜெர்மனி வரை போயிருந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதை உதறிவிடாமல் சோதித்துப் பார்த்தார். மணலில் மோனசைட் இருந்தது. தோரியம் நிறைந்த கனிமம் அது. கேஸ் விளக்குகளின் வலைத்திரிக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் என்பதால் ஐரோப்பாவில் அதற்கு நல்ல கிராக்கி. கயிறு வந்த வழியைப் பிடித்துக்கொண்டே போனவர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் வந்து நின்றார். சில காலத்திலேயே அங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது.

ஷோம்பெர்க்கின் வேலை ஒருவகையில் சுலபமானது. மணலோடு கயிறு இருந்தது. கயிறு எந்தக் கரையிலிருந்து கப்பல் ஏறியது என்று விசாரித்தால் சொல்ல ஆள் இருந்தார்கள். மணற்கல் துண்டு ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புவியியலாளருக்கு அந்த வசதி கிடையாது. அந்த மணலைத் தந்த மலை தேய்ந்து தரைமட்டமாகியிருக்கலாம். சுமந்து வந்த ஆறு வறண்டு மறைந்திருக்கலாம். இரண்டும் இருந்த கண்டமே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்திருக்கலாம். கையில் இருப்பது கல் மட்டும். அதைப் பொடித்து அளந்து அவர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறார். இந்த மணல் எந்தப் பாறையிலிருந்து வந்தது? அந்தப் பாறை எப்படிப்பட்ட நிலத்தில் இருந்தது: எரிமலைத் தீவுகளின் வரிசையிலா, இரண்டு கண்டங்கள் மோதிய இடத்திலா, எந்தச் சலனமும் இல்லாத பழைய கண்ட ஓரத்திலா?

முதல் கேள்விக்கு வேதியியல் நன்றாகவே பதில் சொல்கிறது. இரண்டாவது கேள்விக்கும் அதே உறுதியோடு பதில் சொல்வதாக ஒரு நம்பிக்கை பல ஆண்டுகள் நிலவியது. அதைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

மணற்கல்லின் பூர்வீகத்தை முதலில் நுண்ணோக்கியில்தான் தேடினார்கள். கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து, சில நூறு மணிகளை எண்ணி, குவார்ட்ஸ் எத்தனை, ஃபெல்ட்ஸ்பார் எத்தனை, பாறைத் துணுக்கு எத்தனை என்று கணக்கெடுப்பார்கள். அந்த மூன்று எண்களை ஒரு முக்கோணத்தில் புள்ளியாக வைத்தால் மணலைத் தந்த நிலத்தின் வகை தெரியும் என்று 1979இல் அமெரிக்கர்களான டிக்கின்சனும் சுசெக்கும் காட்டினார்கள். இன்றும் அது நல்ல முறைதான். ஆனால் எரிமலைத் துணுக்குகள் மென்மையானவை. புதைந்து அழுந்தும்போது அவை நசுங்கிக் கூழாகி, மணிகளுக்கு நடுவே அடையாளம் தெரியாத பசையாகிவிடும். பசையை எண்ண முடியாது. அதன் வேதிப் பொருள்களை அளக்க முடியும். புவிவேதியியல் நுழைந்த இடம் இதுதான்.

பாறை மண்ணாகும்போது எல்லாத் தனிமங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சோடியமும் கால்சியமும் மழைநீரோடு சீக்கிரமே கரைந்து போய்விடும். பொட்டாசியம் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அலுமினியம் களிமண்ணாக மாறி அங்கேயே தங்கிவிடும். தோரியம், ஸ்காண்டியம், லாந்தனம், ஸிர்க்கோனியம் போன்றவை தண்ணீரில் கரைவதே அபூர்வம். தாய்ப்பாறையில் எந்த விகிதத்தில் இருந்தனவோ ஏறக்குறைய அதே விகிதத்தில் மண்ணோடு மண்ணாகப் பயணம் செய்யும். ஆக, ஓடிப்போன தனிமங்கள் வானிலையின் கடுமையைச் சொல்லும். தங்கிய தனிமங்கள் தாய்ப்பாறையைச் சொல்லும்.

ஓடிப்போனதை அளக்க 1982இல் கனடாவின் நெஸ்பிட்டும் யங்கும் ஒரு குறியீடு கொடுத்தார்கள். அலுமினா, சுண்ணாம்பில் உள்ளதைக் கழித்த கால்சியம் ஆக்ஸைடு, சோடா, பொட்டாஷ் ஆகிய நான்கையும் மூலக்கூறு எண்ணிக்கையில் கூட்டி, அதில் அலுமினா எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. சிதையாத ஃபெல்ட்ஸ்பாருக்கு விடை 50. முழுக்கச் சிதைந்து வெண்களிமண்ணாகிவிட்டால் 100. புத்தம்புதுக் கிரானைட் 50க்குப் பக்கத்தில் நிற்கும். சராசரி சேற்றுப்பாறை 70 முதல் 75 வரை காட்டும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. மணற்கல்லுக்கு இதைப் பொருத்தும்போதுதான் சிக்கல். ஆறும் அலையும் மண்ணை முறத்தில் போட்டுப் புடைக்கின்றன. களிமண் தூசாகப் பறந்து ஆழ்கடலுக்குப் போய்விடுகிறது. குவார்ட்ஸும் மிச்சமிருக்கும் ஃபெல்ட்ஸ்பாரும் மணலாகக் கரையில் தங்குகின்றன. குவார்ட்ஸ் வெறும் சிலிக்கா, குறியீட்டின் கணக்கில் சிலிக்காவுக்கு இடமே இல்லை. எனவே மணலின் எண்ணைத் தீர்மானிப்பது எஞ்சிய ஃபெல்ட்ஸ்பார். ஒரே ஆறு கொண்டுவந்த சேறு 75 காட்டும்போது அதன் மணல் 55 காட்டலாம். சேற்றைப் பார்க்காமல் மணலை மட்டும் அளந்துவிட்டு, அந்தக் காலத்தில் மழை குறைவு என்று எழுதுபவர்கள் உண்டு. அப்படி எழுதுமுன் பக்கத்தில் சேற்றுப்பாறை கிடைக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இந்த எண்கள் பிறக்கும் ஆய்வகத்துக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடலாம். பல கட்டுரைகளின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது. கல்லின் துருவேறிய மேல்தோலைச் செதுக்கி எறிந்துவிட்டு உள்சதையை மட்டும் உடைத்து அரைக்கிறார்கள். எதில் அரைப்பது என்பது பெரிய கேள்வி. டங்ஸ்டன் கார்பைடு கிண்ணத்தில் வேலை சட்டென்று முடியும், ஆனால் கிண்ணம் தேய்ந்து டங்ஸ்டனும் கோபால்ட்டும் பொடியில் கலக்கும். எஃகுக் கிண்ணம் என்றால் இரும்பும் குரோமியமும் கலக்கும். அகேட் கல்லால் ஆன கிண்ணம் மெதுவாக அரைக்கும். தேய்ந்தாலும் உதிர்வது சிலிக்கா, மணற்கல்லில் அதற்குப் பஞ்சமில்லை. தோரியத்துக்கும் கோபால்ட்டுக்கும் உள்ள விகிதத்தை வைத்துத் தாய்ப்பாறையை முடிவு செய்யப்போகிறவர், அந்தக் கோபால்ட் மலையிலிருந்து வந்ததா கிண்ணத்திலிருந்து வந்ததா என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பொடியின் ஒரு பங்கை லித்தியம் போரேட்டோடு சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்கிக் கண்ணாடி வில்லையாக வார்த்து எக்ஸ் கதிரில் காட்டினால் சிலிக்கா, அலுமினா, இரும்பு போன்ற பெரிய அளவுகள் கிடைக்கும். பத்து லட்சத்தில் சில பங்கு மட்டுமே இருக்கும் தனிமங்களுக்குப் பொடியைக் கரைசலாக்கி, பிளாஸ்மா நிறைமானியில் செலுத்த வேண்டும். இங்கேயும் ஒரு பொறி உண்டு. ஸிர்க்கான் மணிகள் திறந்த கோப்பையில் ஊற்றும் அமிலத்துக்கு அசைவதே இல்லை. அடியில் கண்ணுக்குத் தெரியாத வண்டலாக அவை தங்கிவிட, ஸிர்க்கோனியமும் கனமான அருமண் தனிமங்களும் குறைத்துக் காட்டப்படும். அனுபவசாலிகள் முதலில் உருக்கி, பிறகு கரைப்பார்கள்.

நிலத்தின் வகையை எண்ணிலிருந்து படிக்கும் முயற்சியில் பெரிய பெயர் முகுல் பாட்டியா. கிழக்கு ஆஸ்திரேலியாவின் தொல்லுயிர்க் கால மணற்கற்களை ஆராய்ந்து 1983இல் அவர் வெளியிட்ட சராசரிகள் அழகான ஒரு படிக்கட்டாக அமைந்தன. கடல் நடுவே எழுந்த எரிமலைத் தீவு வரிசையிலிருந்து வந்த மணற்கல்லில் சிலிக்கா சுமார் 59 சதவீதம், இரும்பும் மக்னீசியமும் சேர்ந்து 11.7 சதவீதம். கண்டத் துண்டின் மேல் எழுந்த எரிமலைத் தீவுகளில் சிலிக்கா 71 ஆக உயர, இரும்பு–மக்னீசியம் 6.8 ஆகக் குறைகிறது. ஆண்டிஸ் போன்ற கொந்தளிக்கும் கண்ட ஓரத்தில் 74க்கு 4.6. சலனமற்ற கண்ட ஓரத்தில் 82க்கு 2.9. பொட்டாஷுக்கும் சோடாவுக்கும் உள்ள விகிதமும் அதே வரிசையில் 0.4இலிருந்து 1.6க்கு ஏறுகிறது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. தீவு எரிமலை கக்குவது பசால்ட், ஆண்டிசைட். இரும்பும் சோடியம், கால்சியம் ஃபெல்ட்ஸ்பாரும் நிறைந்தவை. மலைக்கும் கடலுக்கும் நடுவே தூரம் குறைவு, எனவே சலிக்கப்பட நேரமில்லாமல் அப்படியே கடலடியில் போய் விழுகிறது. சலனமற்ற ஓரத்திலோ பழைய கிரானைட் நிலம் மெல்லத் தேய்கிறது. மணல் பலமுறை படிந்து, பெயர்ந்து, மறுபடி படிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பலவீனமானவை அழிய, குவார்ட்ஸ் மேலோங்குகிறது. 1986இல் நியூசிலாந்தின் மணற்கற்களை வைத்து ரோசரும் கோர்ஷும் இதை இன்னும் சுருக்கி, சிலிக்கா ஒரு அச்சிலும் பொட்டாஷ்–சோடா விகிதம் மறு அச்சிலுமாக ஒரே வரைபடமாக்கினார்கள். அதன் பிறகு வேலை எளிதாகிவிட்டது: கல்லைப் பொடி, புள்ளியை வை, கட்டுரையை அனுப்பு.

பெரிய அளவு தனிமங்களை விட எனக்கு நம்பிக்கை தருவது அருமண் தனிமங்கள்தான், அதிலும் யுரோப்பியம். லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலான இந்தக் குடும்பம் வேதியியலில் ஏறக்குறைய ஒரே முகம் கொண்டது. ஒவ்வொன்றும் மூன்று எலக்ட்ரான்களை இழந்து நிற்கும். அளவில் மட்டும் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும். பாறையில் அவற்றின் அளவை நேரடியாக வரைந்தால் மேலும் கீழுமாக ரம்பப்பல் போல வரும், ஏனென்றால் பிரபஞ்சத்திலேயே இரட்டைப்படை அணு எண் கொண்ட தனிமங்கள் பக்கத்து ஒற்றைப்படைகளை விட அதிகம். அதைச் சமன்செய்ய, பூமி உருவான மூலப்பொருளுக்கு நெருக்கமான காண்ட்ரைட் விண்கல்லின் அளவால் ஒவ்வொன்றையும் வகுத்துவிடுவார்கள். கோடு வழவழப்பாகிவிடும், யுரோப்பியம் இருக்கும் இடத்தைத் தவிர.

பாறைக்குழம்பில் ஆக்சிஜன் போதாதபோது யுரோப்பியம் மட்டும் இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலைக்கு மாறும். அந்த நிலையில் அது பிளேஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பாரில் கால்சியத்தின் இருக்கையில் வசதியாகப் பொருந்திவிடுகிறது. கண்டத்தின் அடிப்பகுதி உருகி கிரானைட் குழம்பு மேலே ஏறும்போது பிளேஜியோகிளேஸ் பெரும்பாலும் கீழேயே தங்கிவிடும், யுரோப்பியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். மேலேறிய கிரானைட்டில் யுரோப்பியம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். பக்கத்து தனிமங்களான சமேரியம், கடோலினியம் இரண்டையும் வைத்து எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிட்டால் கண்டத்தின் மேலோட்டில் யுரோப்பியம் சுமார் 0.65 பங்குதான் உண்டு. தீவு எரிமலையின் பசால்ட்டில் பள்ளமே இருக்காது. அப்பல்லோ 11 கொண்டுவந்த நிலவுப் பாறைகளில் இந்தப் பள்ளம் ஆழமாகத் தெரிந்தது. அந்த முதல் நிலவு மாதிரிகளைப் பகுத்தவர்களில் ஒருவரான ராஸ் டெய்லர்தான் பின்னாளில் மெக்லென்னனோடு சேர்ந்து பூமியின் வண்டல் பாறைகளில் இதைத் துருவினார். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வண்டல்களில் பள்ளம் பெரும்பாலும் இல்லை, அதற்குப் பிந்தையவற்றில் வழக்கமாக உண்டு என்பது அவர்கள் 1985இல் எழுதிய நூலின் முக்கியமான வாதங்களில் ஒன்று.

மழை, வெயில், ஆறு, அலை எதுவும் இந்தப் பள்ளத்தை எளிதில் தூர்ப்பதில்லை. தாய்ப்பாறையில் இருந்த பள்ளம் மணலிலும் இருக்கும்.

இப்போது கூடங்குளம். அணுமின் நிலையத்தால் ஊர் பெயர் எல்லோருக்கும் தெரியும். புவியியலாளர்களுக்கு அது ஒரு மணற்கல் படிவத்தின் பெயரும்கூட. மயோசீன் காலத்தின் பின்பகுதியில், அதாவது சுமார் 1.16 கோடி ஆண்டுகளுக்கும் 53 லட்சம் ஆண்டுகளுக்கும் இடையில் படிந்த மணல் அது. மெக்சிகோவில் பணியாற்றும் ஜான் ஆம்ஸ்ட்ராங்-ஆல்ட்ரினும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் இதன் வேதியியலை வெளியிட்டார்கள்.

நுண்ணோக்கியில் குவார்ட்ஸ் மிகுதி, ஃபெல்ட்ஸ்பாரும் பாறைத் துணுக்கும் குறைவு. இரும்பு–மக்னீசியம் சராசரி 2.7, பொட்டாஷ்–சோடா விகிதம் 2.2. பாட்டியாவின் படிக்கட்டில் கடைசிப் படி, அதாவது சலனமற்ற கண்ட ஓரம். யுரோப்பியம் 0.5 பங்குதான், சராசரி மேலோட்டை விட ஆழமான பள்ளம். தோரியத்துக்கும் ஸ்காண்டியத்துக்கும் உள்ள விகிதம் 1.9. தோரியம் கிரானைட்டுக்குப் போகும், ஸ்காண்டியம் பசால்ட்டின் பைராக்ஸீனில் தங்கும். கண்ட மேலோட்டின் சராசரியில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம், சாதாரணக் கடலடிப் பசால்ட்டில் தோரியம் ஸ்காண்டியத்தின் மிகச் சிறிய பங்குதான். எல்லா எண்களும் ஒரே திசையில் கை காட்டுகின்றன: சிலிக்கா மிகுந்த, கிரானைட் சாயல் கொண்ட பழைய பாறை. அந்தத் தென்முனைக்கு மேலே இருப்பதும் அதுதான். சார்னோக்கைட், நைஸ், கோண்டலைட். (சார்னோக்கைட்டுக்குப் பெயர் வந்தது கல்கத்தாவில் கிழக்கிந்திய கம்பெனியின் ஜாப் சார்னாக் கல்லறையிலிருந்து, அந்தக் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துப் பாறை. தாமஸ் ஹாலந்து அதைக் கண்டுபிடித்ததும் ஒருவகைப் பூர்வீக ஆராய்ச்சிதான்.)

ஒரு எண் மட்டும் யோசிக்க வைக்கிறது. சிதைவுக் குறியீடு சராசரி 44.5. சிதைவு குறைவு என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். சிதையாத ஃபெல்ட்ஸ்பாருக்கே 50 என்றால் அதற்கும் கீழே எப்படிப் போகும்? பொதுவாக இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கால்சியம் நிறைந்த ஹார்ன்பிளெண்ட், பைராக்ஸீன் மணிகள் எண்ணைக் கீழே இழுக்கும். சிப்பி, சுண்ணாம்புப் பசையிலிருந்து வரும் கால்சியம் முழுதாகக் கழிக்கப்படாவிட்டாலும் இழுக்கும். கடலோர மணற்கல்லில் இரண்டாவதை எப்போதும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். அதோடு முன்பு சொன்ன புடைத்தலையும் சேர்த்தால், இந்த எண்ணை வைத்து மயோசீன் காலத்து நெல்லைச் சீமையில் மழை எப்படிப் பெய்தது என்று சொல்ல நான் துணியமாட்டேன்.

தோரியத்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கூடங்குளத்திலிருந்து மணவாளக்குறிச்சி சுமார் 50 கிலோமீட்டர் தூரம்தான். அங்கே அலை மோனசைட்டையும் ஸிர்க்கானையும் தனியாகப் பிரித்துக் கறுப்பு மணலாகக் குவிக்கிறது. அப்படிக் குவிந்த மணலை அள்ளி அளந்தால் தோரியமும் லாந்தனமும் தாய்ப்பாறைக்குச் சம்பந்தமில்லாத உயரத்துக்குப் போகும். இதைப் பிடிக்க ஸிர்க்கோனியம்–ஸ்காண்டியம் விகிதத்தையும் கூடவே பார்க்கும் வழியை 1993இல் மெக்லென்னன் குழு காட்டியது: தாய்ப்பாறை மாறினால் இரண்டு விகிதங்களும் சேர்ந்து ஏறும், கனமணிகள் குவிந்திருந்தால் ஸிர்க்கோனியம் மட்டும் எகிறும்.

சரி, கூடங்குளத்தில் வரைபடம் சரியாகத்தான் சொன்னது. இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. மயோசீனில் அந்தக் கரை சலனமற்ற கரைதான். ஆனால் விடை முன்பே தெரிந்த இடத்தில் சரியாக வந்தால் போதுமா? அதே ஆம்ஸ்ட்ராங்-ஆல்ட்ரின், சுரேந்திர வர்மாவோடு சேர்ந்து அடுத்த ஆண்டே, 2005இல், புழக்கத்தில் இருந்த ஆறு வரைபடங்களைச் சோதனைக்கு உட்படுத்தினார். மயோசீன் முதல் இன்று வரையிலான, எந்த வகை நிலம் என்று ஐயமின்றித் தெரிந்த இடங்களின் மணல் தரவுகளை உலகெங்குமிருந்து திரட்டி ஒவ்வொரு வரைபடத்திலும் வைத்துப் பார்த்தார்கள். பாட்டியாவின் வரைபடம் மோசமாகத் தவறியது. ரோசர்–கோர்ஷ் ஓரளவு தேறியது. முந்தைய ஆண்டு தாமே பயன்படுத்திய அளவுகோலை மறு ஆண்டு எடுத்து நெருப்பில் வைத்த அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஏன் தவறுகின்றன? கூடங்குளத்திலிருந்து நேர் கிழக்கே, இலங்கையைத் தாண்டி, சுமார் 1000 கிலோமீட்டர் போனால் நடுக்கடல். 2015இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கப்பல், சர்வதேசப் பெருங்கடல் ஆய்வுத் திட்டத்தின் 354ஆம் பயணத்தில், அங்கே ஏறக்குறைய அதே 8 டிகிரி வடக்கு அட்சரேகையில் ஏழு இடங்களில் துளையிட்டது. மேலே வந்தவற்றில் மயோசீன் வண்டலும் உண்டு. அது தென்னிந்தியாவின் மண் அல்ல; இமயமலையில் அரிபட்டு, கங்கை, பிரம்மபுத்திரா வழியாக வந்து, கடலடிச் சேற்றோட்டங்களாக 1000 கிலோமீட்டருக்கு மேல் சரிந்து வந்த வண்டல். ஒரே அட்சரேகை, ஒரே காலம். ஒன்று பக்கத்து மலையின் மணல், மற்றொன்று வடகோடி மலையின் மண். கடலடியில் கிடைத்ததை வரைபடத்தில் வைத்தால் அது கண்ட மோதலைத்தான் காட்ட வேண்டும். அந்த வண்டல் கிடக்கும் இடத்தில் எந்தக் கண்டமும் மோதவில்லை. தென்னமெரிக்காவிலும் இதே கதை: அமேசான் சுமக்கும் வண்டலில் பெரும்பகுதி கொந்தளிக்கும் ஆண்டிஸிலிருந்து வருகிறது, போய்ச் சேருவதோ அட்லாண்டிக்கின் சலனமற்ற கரை. மணலுக்குத் தெரிந்தது தாய்ப்பாறை மட்டும். தாய்ப்பாறை பிறந்த காலத்து நிலத்தையும் மணல் படிந்த காலத்து நிலத்தையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டது நாம்தான்.

கணக்கிலும் ஒரு பழைய கோளாறு இருந்தது. வேதிப் பகுப்பின் விடை சதவீதமாக வருகிறது, மொத்தம் 100ஐத் தாண்ட முடியாது. கல்லில் சிலிக்கா கூடினால் மற்ற அனைத்தும் எண்ணில் குறைந்தே தீர வேண்டும், இயற்கையில் அவற்றுக்கு எதுவும் நேராவிட்டாலும். விகிதங்களை ஒப்பிடும்போது இல்லாத உறவுகள் முளைக்கும் என்று கார்ல் பியர்சன் 1897இலேயே எச்சரித்திருந்தார். ஜான் எய்ச்சிசன் 1980களில் அதற்கு மடக்கை விகிதம் என்ற வழியைத் தந்தார். வர்மாவும் ஆம்ஸ்ட்ராங்-ஆல்ட்ரினும் 2013இல் அந்த வழியில் புதிய வரைபடங்கள் அமைத்தார்கள். சிலிக்கா மிகுந்ததற்கு ஒன்று, குறைந்ததற்கு ஒன்று. எரிமலை வில், கண்டப் பிளவு, கண்ட மோதல் என்று மூன்றே பிரிவுகள். அதே வழியில் சலனமற்ற ஓரத்தையும் கொந்தளிக்கும் ஓரத்தையும் பிரிக்கும் வரைபடத்துக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கூடங்குளத்துக் கல்லில் எந்த வரைபடத்திலும் அடங்காத ஒன்று மிச்சமிருக்கிறது: நிக்கல். வழக்கத்துக்கு மாறாக அது அதிகம். இரும்பும் மக்னீசியமும் செறிந்த கரும்பாறை எங்கோ கரைந்து கலந்திருந்தால் நிக்கலோடு குரோமியம், கோபால்ட், வனேடியம் மூன்றும் ஏறியிருக்க வேண்டும். அவை ஏறவில்லை. ஆய்வாளர்கள் இரண்டு காரணங்களை முன்வைத்தார்கள். மணற்கல்லில் இருக்கும் பைரைட் நிக்கலை வைத்திருக்கலாம். அல்லது வரும் வழியில் கார்னெட் மணிகள் பிரிந்து போனதால் விகிதங்கள் மாறியிருக்கலாம். கன்னியாகுமரிக் கரையில் சிவப்புக் கோடுகளாக ஒதுங்குவதும் இதே கார்னெட்தான். பைரைட் என்றால், மணல் படிந்த பிறகு அங்கேயே விளைந்ததாகவும் இருக்கலாம்; அப்படியானால் அந்த நிக்கலுக்கும் மலைக்கும் தொடர்பே இல்லை. எது என்று அறிய, பொடிக்காத துண்டு ஒன்றை மெருகேற்றி, எலக்ட்ரான் கற்றையின் கீழ் வைத்து, நிக்கல் எந்த மணியில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.